வெப்பமே நுழையாமல் என்ட்ரோபி எப்படிக் கூடுகிறது?

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரை ஒட்டிய சால்ஃபோர்டில், மதுபானம் காய்ச்சும் தொழிலில் இருந்த ஒரு குடும்பத்தில் பிறந்தவர் ஜேம்ஸ் ஜூல். 1845-இல் அவர் ஒரு சோதனையை வெளியிட்டார். செம்பால் ஆன இரண்டு கலங்கள், நடுவே ஒரு வால்வு. ஒரு கலத்தில் வளிமண்டலத்தைப் போல் சுமார் 22 மடங்கு அழுத்தத்தில் காற்றை அடைத்திருந்தார். மற்றதிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்திருந்தார். இரண்டையும் ஒரே நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, நீரின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வால்வைத் திறந்தார்.

காற்று சீறிக்கொண்டு வெற்றுக் கலத்துக்குள் பாய்ந்தது. எல்லாம் அடங்கிய பிறகு வெப்பமானியைப் பார்த்தால், நீர் சூடாகவும் இல்லை, குளிரவும் இல்லை.

இந்தச் சோதனையை வைத்துத்தான் இந்தக் கட்டுரை முழுவதும் பேசப்போகிறோம். என்ட்ரோபி படிக்கத் தொடங்கும் மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். அவர்கள் சொல்லும் காரணம் பார்த்தால் நியாயமாகவே இருக்கும்: "என்ட்ரோபி மாற்றம் என்பது வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது. இங்கே வெப்பம் உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. சுழியை எதால் வகுத்தாலும் சுழிதான். ஆகவே என்ட்ரோபி மாறவில்லை."

விடை தவறு. என்ட்ரோபி கூடியிருக்கிறது. எவ்வளவு கூடியது என்பதையும் துல்லியமாகச் சொல்லிவிடலாம். மேலே சொன்ன காரணத்தில் எந்தச் சொல் விடுபட்டது என்று கண்டுபிடித்துவிட்டால், நல்லியல்பு வாயுக்களின் என்ட்ரோபிக் கணக்குகள் எல்லாமே கைக்குள் வந்துவிடும்.

விடுபட்ட சொல்

என்ட்ரோபி என்ற பெயரை 1865-இல் சூட்டியவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ். மாற்றம், திருப்பம் என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை எடுத்தார். 'எனர்ஜி' என்ற சொல்லோடு ஒலியிலும் ஒத்திருக்க வேண்டும் என்று விரும்பியே அப்படி அமைத்தார். அவர் தந்த வரையறை இது:

என்ட்ரோபி மாற்றம் = மீள் நிகழ்வில் பெற்ற வெப்பம் ÷ வெப்பநிலை

வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும். மாணவர்கள் விட்டுவிடும் சொல் 'மீள்'. மீள் நிகழ்வு என்றால், எந்த நொடியில் நிறுத்தினாலும் அப்படியே பின்னோக்கி நடத்திவிடக்கூடிய அளவுக்கு மெதுவாக, சமநிலை குலையாமல் நடக்கும் நிகழ்வு. ஜூலின் வால்வைத் திறந்ததும் காற்று சீறிப் பாய்ந்ததே, அது மீள் நிகழ்வுக்கு நேர் எதிர். பாய்ந்த காற்று தானாகத் திரும்பி முதல் கலத்துக்குள் போய் உட்காராது. அப்படியானால் அந்த நிகழ்வின் வெப்பத்தை எடுத்து இந்தச் சூத்திரத்தில் போடுவதற்கு நமக்கு உரிமையே இல்லை.

சரி, அப்படியென்றால் எப்படிக் கணக்கிடுவது?

என்ட்ரோபி ஒரு நிலைச் சார்பு. அதாவது வாயு இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதை மட்டும் பொறுத்தது. அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பொறுத்தது அல்ல. மொட்டைமாடிக்குப் படியேறிப் போகலாம், பக்கத்து மாமரத்தில் தொற்றி ஏறியும் போகலாம். தரையிலிருந்து மாடியின் உயரம் ஒன்றுதான். மரத்தில் ஏறியவர் எவ்வளவு உயரம் ஏறினார் என்று கேட்டால், கிளைகளை அளந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. படிகளை எண்ணி, ஒரு படியின் உயரத்தால் பெருக்கினால் போதும். மரத்தில் ஏறியவருக்கும் விடை அதேதான்.

என்ட்ரோபிக் கணக்கில் மீள் நிகழ்வுதான் படிக்கட்டு. உண்மையில் வாயு மரத்தில் தாவி ஏறியிருக்கலாம், ஜூலின் காற்றைப் போல. நாம் தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் குறித்துக்கொண்டு, அந்த இரண்டு நிலைகளையும் இணைக்கும் ஒரு மெதுவான பாதையை மனதில் கட்டி, அதில் ஏறி எண்ண வேண்டும். இதை ஒருமுறை ஆழமாக உள்வாங்கிக்கொள்வது பத்துச் சூத்திரங்களை மனப்பாடம் செய்வதைவிடப் பயன் தரும் என்பது என் உறுதியான எண்ணம்.

படிக்கட்டில் ஏறிப் பார்ப்போம்

எண்களை எளிமையாக வைத்துக்கொள்வோம். ஒரு மோல் (அதாவது 6.022 × 10²³ மூலக்கூறுகள் கொண்ட அளவு) நல்லியல்பு வாயு, 300 கெல்வின் வெப்பநிலை, அதாவது சுமார் 27 டிகிரி செல்சியஸ். நல்லியல்பு வாயு என்பது மூலக்கூறுகளுக்குச் சொந்தப் பருமன் இல்லை, ஒன்றையொன்று ஈர்ப்பதும் இல்லை என்று வைத்துக்கொள்ளும் ஒரு மாதிரி. இலங்கைப் பாடநூல்களில் இதை இலட்சிய வாயு என்பார்கள். சாதாரண அழுத்தத்தில் இருக்கும் காற்று இந்த மாதிரிக்கு மிக அருகில் நடந்துகொள்கிறது. இந்த வாயுவின் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே பொறுத்தது. ஜூலின் நீர் சூடாகாமலும் குளிராமலும் இருந்ததன் காரணம் அதுதான்: காற்று விரிந்தது, ஆனால் எதையும் தள்ளவில்லை, வேலை செய்யவில்லை, ஆற்றல் குறையவில்லை, வெப்பநிலையும் மாறவில்லை.

(நிஜக் காற்று மிக மிகச் சிறிதளவு குளிரத்தான் செய்யும். கலங்களும் நீரும் சேர்ந்து அந்தச் சிறு மாற்றத்தை விழுங்கிவிட்டன. பின்னாளில் ஜூலும் வில்லியம் தாம்சனும் சேர்ந்து வேறு விதமாகச் சோதனை செய்து நிஜ வாயுக்களின் இந்தக் குளிர்ச்சியைப் பிடித்தார்கள். நமக்கு இங்கே அது தேவையில்லை.)

ஆக, தொடக்க நிலை 300 கெல்வின், ஒரு பங்கு பருமன். முடிவு நிலை அதே 300 கெல்வின், இரண்டு பங்கு பருமன். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு படிக்கட்டு கட்டுவோம்.

வாயுவை ஒரு பிஸ்டன் பொருத்திய உருளையில் வைத்து, உருளையை 300 கெல்வினில் இருக்கும் பெரிய நீர்த்தொட்டியில் அமிழ்த்துவோம். பிஸ்டனின் மேல் மணல் குவித்திருக்கிறோம். மணலை ஒவ்வொரு மணியாக எடுக்கிறோம். ஒரு மணி எடுத்தால் பிஸ்டன் மயிரிழை அளவு உயரும். வாயு அந்த அளவுக்கு வேலை செய்கிறது. வேலை செய்தால் குளிர வேண்டும், ஆனால் சுற்றியுள்ள நீர் உடனே அதற்கு ஈடாக வெப்பம் கொடுத்துவிடுகிறது. இப்படிப் பருமன் இரட்டிக்கும்வரை போகலாம்.

பருமன் 1 சதவீதம் கூடும்போது எவ்வளவு வேலை நடக்கிறது? வேலை என்பது அழுத்தம் பெருக்கல் பருமனின் கூடுதல். பருமனின் கூடுதல் என்பது பருமனில் நூற்றில் ஒன்று. அழுத்தமும் பருமனும் பெருக்கினால் இந்த வாயுவுக்கு 8.314 × 300, அதாவது சுமார் 2494 ஜூல். அதில் நூற்றில் ஒன்று சுமார் 25 ஜூல். விரிய விரிய அழுத்தம் குறைகிறது. ஆனால் ஒரு சதவீதம் என்பது பெரிதாகிக்கொண்டே போகிறது. இரண்டும் ஈடுகட்டிக்கொள்வதால், முதல் 1 சதவீதத்துக்கும் 25 ஜூல், கடைசி 1 சதவீதத்துக்கும் 25 ஜூல்.

இது கூட்டு வட்டிக் கணக்கு. தவணைக்கு 1 சதவீதம் கூட்டு வட்டியில் போட்ட பணம் இரட்டிக்க ஏறத்தாழ 70 தவணை ஆகும். அதுபோல வாயுவின் பருமன் இரட்டிக்க 70 படிகள். 70 × 25 என்றால் சுமார் 1750 ஜூல். படிகளை இன்னும் மெல்லியதாக்கிக் கூட்டினால் சரியான விடை 1729 ஜூல். கூட்டு வட்டியில் எத்தனை தவணை என்று தலைகீழாகக் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லும் கணிதக் கருவிதான் மடக்கை. என்ட்ரோபிச் சூத்திரங்களில் மடக்கை வந்து நிற்பதைப் பார்த்து மிரள வேண்டாம். 'எத்தனை மடங்கு ஆயிற்று' என்பதை 'எத்தனை படி ஏறினோம்' என்று மாற்றித் தருவது மட்டுமே அதன் வேலை. (இங்கே பயன்படுவது இயல் மடக்கை. 2-இன் இயல் மடக்கை 0.693.)

நீரிலிருந்து வாயுவுக்கு வந்த வெப்பம் 1729 ஜூல். எல்லாம் 300 கெல்வினில். வகுத்தால்:

1729 ÷ 300 = 5.76 ஜூல்/கெல்வின்

இது மணல் மணிகளை எடுத்து மெதுவாக விரித்த வாயுவின் என்ட்ரோபி உயர்வு. நிலைச் சார்பு என்பதால், வால்வைத் திறந்து சீறிப் பாயவிட்ட வாயுவுக்கும் இதேதான். ஒரு மோல் வாயு, ஒரே வெப்பநிலை, இரண்டு மடங்கு பருமன் என்றால் எப்படி நடந்தாலும் 5.76 ஜூல்/கெல்வின். பொதுவாக எழுதினால்:

என்ட்ரோபி மாற்றம் = மோல் எண்ணிக்கை × ஆர் × மடக்கை (பருமன் விகிதம்)

'ஆர்' என்பது வாயு மாறிலி, 8.314 ஜூல்/மோல் கெல்வின்.

அப்படியானால் இரண்டு நிகழ்வுகளுக்கும் வேறுபாடே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது வாயுவில் இல்லை, சுற்றுப்புறத்தில் இருக்கிறது. மெதுவான விரிவில் நீர்த்தொட்டி 1729 ஜூலை இழந்தது. அதன் என்ட்ரோபி 5.76 குறைந்தது. வாயுவுக்கு 5.76 கூடியது. மொத்தம் சுழி. சீறிப் பாய்ந்த விரிவில் தொட்டிக்கு எதுவும் ஆகவில்லை. வாயுவுக்குக் கூடிய 5.76 அப்படியே உலகத்தின் கணக்கில் ஏறிவிட்டது. இனி அதைக் குறைக்கவே முடியாது.

அந்த 1729 ஜூலை மறுபடி பாருங்கள். மெதுவான வழியில் அது ஒரு எடையைத் தூக்கியிருக்கும். 10 கிலோ அரிசி மூட்டையை 17 மீட்டருக்கு மேல், அதாவது ஐந்து மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமான வேலை அது. வால்வைச் சட்டென்று திறந்ததால் அந்த வாய்ப்பு போய்விட்டது. ஆற்றல் ஒரு துளிகூட வீணாகவில்லை, வாயுவுக்குள்ளேயேதான் இருக்கிறது. ஆனால் அதை வேலையாக மாற்றும் வாய்ப்பு இல்லாமற்போயிற்று. இழந்த வேலை எவ்வளவு என்பதைச் சொல்வது, உலகில் கூடிய என்ட்ரோபியைச் சுற்றுப்புற வெப்பநிலையால் பெருக்கிய எண்: 5.76 × 300 = 1729. பொறியாளர்கள் என்ட்ரோபி மீது இவ்வளவு அக்கறை காட்டுவதற்கு இந்தப் பெருக்கல்தான் காரணம்.

வெப்பநிலையும் மாறினால்

இதுவரை வெப்பநிலையை அசையவிடவில்லை. இனி பருமனைப் பூட்டிவிட்டு வெப்பநிலையை ஏற்றுவோம். மூடிய கலத்தில் ஒரு மோல் நைட்ரஜன். 300 கெல்வினிலிருந்து 600 கெல்வினுக்கு மெல்லச் சூடாக்குகிறோம்.

பருமன் மாறாதபோது ஒரு மோல் நைட்ரஜனை ஒரு கெல்வின் சூடாக்கச் சுமார் 20.79 ஜூல் வேண்டும். இதை மாணவர்கள் 'சிவி' என்று சொல்லிப் பழகியிருப்பார்கள். 300 கெல்வின் உயர்வுக்கு மொத்தம் 6237 ஜூல். ஆனால் இதை எந்த வெப்பநிலையால் வகுப்பது? தொடங்கும்போது 300, முடிக்கும்போது 600.

துண்டு போட்டுக்கொள்வோம். 30 கெல்வின் வீதம் பத்துத் துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் சுமார் 623.6 ஜூல். முதல் துண்டின் நடு வெப்பநிலை 315, வகுத்தால் 1.98. கடைசித் துண்டின் நடு வெப்பநிலை 585, வகுத்தால் 1.07. வெப்பம் அதேதான், ஆனால் கடைசித் துண்டு முதல் துண்டில் பாதியைவிடச் சற்றே கூடுதலான என்ட்ரோபியைத்தான் தருகிறது. குளிர்ந்த வாயுவுக்குக் கொடுக்கும் வெப்பம் பெரிய மாற்றத்தை உண்டாக்குகிறது. ஏற்கெனவே சூடாக இருப்பதற்குக் கொடுப்பது அவ்வளவு உறைப்பதில்லை. பத்துத் துண்டுகளையும் கூட்டினால் 14.40 வருகிறது. ஒரே மூச்சில் 20.79 × மடக்கை (600 ÷ 300) என்று போட்டால் 14.41. பத்தே துண்டில் இவ்வளவு நெருக்கம். ஒருமுறை கையால் கூட்டிப் பாருங்கள். மடக்கை எங்கிருந்து முளைத்தது என்ற சந்தேகம் அதன்பிறகு வராது.

இப்போது இரண்டையும் சேர்த்து எழுதிவிடலாம். வாயு எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்குப் போனாலும், முதலில் பருமனைப் பூட்டி வெப்பநிலையை மாற்றுவோம், அப்புறம் வெப்பநிலையைப் பூட்டிப் பருமனை மாற்றுவோம். இரண்டு படிக்கட்டு, நடுவே ஒரு திருப்பம்:

என்ட்ரோபி மாற்றம் = மோல் எண்ணிக்கை × [ சிவி × மடக்கை (வெப்பநிலை விகிதம்) + ஆர் × மடக்கை (பருமன் விகிதம்) ]

விகிதம் என்பது எப்போதும் முடிவு ÷ தொடக்கம். பருமனுக்குப் பதில் அழுத்தம் தெரிந்திருந்தால், இதையே இப்படி எழுதலாம்:

என்ட்ரோபி மாற்றம் = மோல் எண்ணிக்கை × [ சிபி × மடக்கை (வெப்பநிலை விகிதம்) − ஆர் × மடக்கை (அழுத்த விகிதம்) ]

'சிபி' என்பது அழுத்தம் மாறாதபோது தேவைப்படும் வெப்பம். சிவியைவிட எப்போதும் ஒரு 'ஆர்' கூடுதல். நைட்ரஜன், ஆக்ஸிஜன் போன்ற இரட்டை அணு வாயுக்களுக்கு அறை வெப்பநிலையில் சுமார் 29.10. ஹீலியம், ஆர்கான் போன்ற ஒற்றை அணு வாயுக்களுக்குச் சிவி 12.47, சிபி 20.79.

இரண்டாவது சூத்திரத்தில் கழித்தல் குறி வருகிறதே என்று குழம்ப வேண்டாம். அழுத்தினால் இடம் சுருங்குகிறது, இடம் சுருங்கினால் என்ட்ரோபி குறைகிறது. அவ்வளவுதான்.

ஒரு சரிபார்ப்பு செய்துகொள்வோம். அதே நைட்ரஜனை மூடிய கலத்தில் அல்லாமல், அழுத்தம் மாறாமல் பிஸ்டன் மேலேற விட்டு 600 கெல்வினுக்குச் சூடாக்கினால் 29.10 × 0.693 = 20.17. மூடிய கலத்தில் கிடைத்தது 14.41. வேறுபாடு 5.76. இந்த எண்ணை மேலே பார்த்தோமே! அழுத்தம் மாறாமல் வெப்பநிலை இரட்டித்தால் பருமனும் இரட்டிக்கும். அந்தக் கூடுதல் இடத்துக்கான என்ட்ரோபிதான் 5.76. தனித்தனியாக வந்த மூன்று கணக்குகள் இப்படி ஒன்றோடொன்று பொருந்தி உட்காருவதைப் பார்க்கும்போது எனக்கு இன்றைக்கும் மனது நிறைகிறது.

ஒரே வெப்பக்காப்பு, இரண்டு கதை

இப்போது தொடக்கக் கேள்விக்குத் திரும்பலாம். வெப்பம் சற்றும் புகாத கலத்துக்குள் வாயு விரிகிறது. பருமன் இரட்டிக்கிறது. இது இரண்டு விதமாக நடக்கலாம்.

முதல் விதம்: பிஸ்டனை மெதுவாகத் தள்ளிக்கொண்டு விரிகிறது. வேலை செய்கிறது, ஆனால் ஈடுகட்ட வெளியிலிருந்து வெப்பம் வராது. ஆகவே வாயு தன் சொந்த ஆற்றலைச் செலவழித்துக் குளிர்கிறது. நைட்ரஜனுக்குக் கணக்கிட்டால் 300 கெல்வினிலிருந்து சுமார் 227 கெல்வினுக்கு, அதாவது உறைநிலைக்கும் கீழே 46 டிகிரி வரை இறங்கிவிடும். குளிர்ந்ததால் என்ட்ரோபி 5.76 குறைகிறது. இடம் கூடியதால் 5.76 கூடுகிறது. நிகர மாற்றம் சுழி.

இரண்டாம் விதம்: வால்வைத் திறந்து வெற்றிடத்துக்குள் பாயவிடுகிறோம். தள்ளுவதற்கு எதுவும் இல்லை, வேலை இல்லை, குளிர்ச்சியும் இல்லை. இடம் கூடியதற்கான 5.76 மட்டும் மிஞ்சுகிறது. அதைக் கழித்துவிட எதுவும் இல்லை.

இரண்டிலும் வெப்பம் சுழிதான். ஆனால் முதலாவதில் மட்டுமே "வெப்பம் இல்லை, ஆகவே என்ட்ரோபி மாற்றம் இல்லை" என்று சொல்லலாம், ஏனென்றால் அதுதான் மீள் நிகழ்வு.

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சூடாவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருப்போம். அது முதல் விதத்தின் எதிர்த்திசை: காற்றுக்கு இடம் குறைகிறது, வெப்பநிலை ஏறுகிறது. பம்பை எவ்வளவு மென்மையாக அழுத்தினாலும் இந்தச் சூடு வரத்தான் செய்யும், வெப்பம் வெளியே கசிய நேரம் கொடுக்காதவரை. அதில் தவிர்க்க முடியாத பங்கு எவ்வளவு, அவசரத்தால் வந்த பங்கு எவ்வளவு?

ஒரு மோல் காற்று, 300 கெல்வின், 1 வளிமண்டல அழுத்தம். வெப்பம் கசியாமல் அழுத்தத்தை இரட்டிக்க வேண்டும். மெதுவாக, மணல் மணி மணியாக ஏற்றினால் முடிவில் 366 கெல்வின். என்ட்ரோபி மாற்றம் சுழி. மணலை ஒரே மூட்டையாகத் தொப்பென்று பிஸ்டன் மேல் வைத்துவிட்டால்? வெளியே தொடக்கம் முதலே 2 வளிமண்டல அழுத்தம் தள்ளுகிறது. செய்யப்பட்ட வேலை முழுவதும் அக ஆற்றலாக வேண்டும் என்று எழுதித் தீர்த்தால், பிஸ்டன் ஆடி அடங்கியபின் வெப்பநிலை 300 × 9 ÷ 7, அதாவது 386 கெல்வின். இருபது டிகிரி கூடுதல். என்ட்ரோபி: 29.10 × மடக்கை (9 ÷ 7) என்பது 7.31, அதிலிருந்து அழுத்தத்துக்கான 5.76 போனால் 1.55 ஜூல்/கெல்வின். அவசரத்துக்குக் கொடுத்த விலை அந்த 1.55.

வெப்பம் புகாத நிகழ்வில் என்ட்ரோபி ஒருபோதும் குறையாது. மெதுவாகச் செய்தால் அப்படியே இருக்கும், அவசரப்பட்டால் கூடும். விரித்தாலும் சரி, சுருக்கினாலும் சரி. தேர்வில் இத்தகைய கணக்குக்கு எதிர்க்குறியுடன் விடை வந்தால், எங்கோ கணக்குப் பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

அந்த 5.76 எங்கிருந்து வருகிறது?

பாடப்புத்தகங்களில் என்ட்ரோபியை 'ஒழுங்கின்மையின் அளவு' என்று எழுதியிருப்பார்கள். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. ஒழுங்கு, ஒழுங்கின்மை என்பதெல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது; அதிலிருந்து 5.76 என்ற எண்ணை எடுக்க முடியாது. வியன்னாவைச் சேர்ந்த லுட்விக் போல்ட்ஸ்மான் காட்டிய வழியில் எடுக்கலாம். அவர் கேட்டது, வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஒரு நிலையில், மூலக்கூறுகள் எத்தனை விதமாக அமைந்திருக்க முடியும் என்று. அந்த எண்ணிக்கையின் மடக்கையை ஒரு மாறிலியால் பெருக்கினால் என்ட்ரோபி.

ஒரு மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள். பருமன் இரட்டித்ததும், முன்பு இடது கலத்தில் மட்டும் இருந்த அது இப்போது இடதிலோ வலதிலோ இருக்கலாம். அதன் வாய்ப்புகள் இரட்டித்தன. இரண்டு மூலக்கூறுகள் என்றால் நான்கு மடங்கு. பத்து என்றால் 1024 மடங்கு. ஒரு மோலில் 6.022 × 10²³ மூலக்கூறுகள். அத்தனை முறை இரண்டை இரண்டால் பெருக்கினால் வரும் எண்ணை எழுதி முடிக்கவே முடியாது. ஆனால் மடக்கை எடுத்தால் சுலபம்: 6.022 × 10²³ × 0.693. போல்ட்ஸ்மான் மாறிலி 1.380649 × 10⁻²³ ஜூல்/கெல்வின். பெருக்கிப் பாருங்கள்: 5.76.

மணல் மணியும் பிஸ்டனும் இல்லை, வெப்பமும் இல்லை, வெறும் எண்ணிக்கை மட்டும். கிளாசியஸின் வழியில் வந்த அதே விடை.

பாய்ந்த காற்று ஏன் திரும்பிப் போவதில்லை என்பதும் இங்கேதான் விளங்குகிறது. இயற்பியல் விதி எதுவும் அதைத் தடுக்கவில்லை. நூறே நூறு மூலக்கூறுகள் இருந்தால்கூட, எல்லாமே ஒரே நேரத்தில் இடது பக்கம் இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1.27 × 10³⁰-இல் ஒன்று. நொடிக்கு நூறு கோடி முறை அவை இடம் மாறினாலும், அப்படி ஒருமுறை நிகழச் சராசரியாகப் பிரபஞ்சத்தின் வயதைப் போல் சுமார் மூவாயிரம் மடங்கு காலம் காத்திருக்க வேண்டும். நூறு மூலக்கூறுகளுக்கே இந்த நிலை.

இதே எண்ணிக்கை வழியில் வாயுக்கள் கலப்பதையும் பார்த்துவிடலாம். தடுப்பின் இடப்பக்கம் ஒரு மோல் நைட்ரஜன், வலப்பக்கம் ஒரு மோல் ஆக்ஸிஜன், இரண்டும் ஒரே வெப்பநிலை, ஒரே அழுத்தம். தடுப்பை எடுத்தால் நைட்ரஜனுக்கு இடம் இரட்டிக்கிறது, ஆக்ஸிஜனுக்கும் இரட்டிக்கிறது. மொத்தம் 11.53. ஆனால் இரண்டு பக்கமும் நைட்ரஜனே இருந்தால்? தடுப்பை எடுத்தபின்னும் எதுவும் மாறவில்லை. என்ட்ரோபி மாற்றம் சுழி. ஆனால் அதே எண்ணிக்கையை இங்கும் போட்டால் 11.53 அல்லவா வரும்? 1870களில் அமெரிக்கரான ஜோசையா வில்லர்ட் கிப்ஸ் இந்தப் புதிரை எழுப்பினார். ஒரு நைட்ரஜன் மூலக்கூறையும் இன்னொன்றையும் இடம் மாற்றி வைத்தால் அது புதிய அமைப்பு அல்ல, பழையதே என்று எண்ண வேண்டும். அப்போதுதான் கணக்குச் சரியாக வருகிறது. பின்னால் வந்த குவாண்டம் இயற்பியல் இதற்கு உறுதியான அடித்தளம் கொடுத்தது.

இந்தச் சூத்திரங்கள் எதுவரை செல்லும்?

இவை மாற்றத்தை மட்டுமே சொல்கின்றன. 25 டிகிரி செல்சியஸ், சாதாரண அழுத்தத்தில் ஒரு மோல் ஹீலியத்தின் என்ட்ரோபி சுமார் 126, ஆர்கானுக்கு சுமார் 155 ஜூல்/கெல்வின். இரண்டுக்கும் சிவி ஒன்றே என்பதால், இரண்டையும் ஒரே மாதிரி விரித்தாலும் சூடாக்கினாலும் மாற்றம் ஒரே அளவாக இருக்கும். ஆனால் 126-ம் 155-ம் எங்கிருந்து வந்தன என்று இந்தச் சூத்திரங்களைக் கேட்டால் பதில் வராது. அதற்கு ஓட்டோ சாக்கூர், ஹ்யூகோ டெட்ரோட் என்ற இருவர் 1912-ஐ ஒட்டித் தனித்தனியே கண்ட வேறொரு சமன்பாடு வேண்டும். ஆர்கான் அணு ஹீலியத்தைவிடப் பத்து மடங்கு கனமாக இருப்பது மட்டுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று அது காட்டுகிறது.

கீழ்ப்பக்கமும் ஒரு எல்லை உண்டு. வெப்பநிலையை 0 கெல்வினை நோக்கி இறக்கினால் மடக்கை அடியில்லாத பள்ளத்தில் விழுந்துகொண்டே போகும். நிஜத்தில் அந்த இடத்துக்கு வாயு வந்து சேர்வதே இல்லை. ஆர்கான் சாதாரண அழுத்தத்தில் 87 கெல்வினிலேயே திரவமாகிவிடுகிறது.

மேல்பக்கம், சிவியும் சிபியும் மாறாதவை என்று நாம் எடுத்துக்கொண்டது மெல்லப் பிசகத் தொடங்கும். சூடு ஏற ஏற நைட்ரஜன் மூலக்கூறுகள் அதிரத் தொடங்கி, கூடுதல் ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அழுத்தம் மாறாமல் 300-லிருந்து 600 கெல்வினுக்குப் போகும் நைட்ரஜனுக்கு நம் கணக்கு 20.17 என்றது. பொறியாளர்கள் பயன்படுத்தும் அட்டவணைகளில் 600 கெல்வினுக்கு 212.18, 300 கெல்வினுக்கு 191.79 என்று இருக்கும். கழித்தால் 20.39. ஒரு சதவீதம்தான் தவறியிருக்கிறோம்.